எஃப் ஷார்ப் மேல் நின்ற வீடு

மூன்றாம் மாடி வீடு முதன்முதலாகத் தரைக்கு இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. ஒன்பது விநாடி நின்றுவிட்டு மேலே போய்விட்டது. அந்த ஒன்பது விநாடியும் தரைத்தளத்துச் சலூன் மூன்றாம் மாடியில் இருந்தது. பாதிச் சவரத்தில் இருந்தவர், ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததாகச் சொன்னார். வீட்டில் இருந்தவள் ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டுபவள். முழங்கால் உடைந்து ஐந்து மாதமாகப் படி இறங்காதவள், பொழுதுபோகக் கிட்டார் பழகினாள். அன்று புத்தகத்தில் வந்த கார்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக மீட்டும் கூட்டு, டி செவன் ஷார்ப் நைன், சாய்கோடு, எஃப் ஷார்ப். கட்டைவிரலை மேலாக வளைத்துத் தடித்த கம்பியில் எஃப் ஷார்ப் சுரத்தை அழுத்தி மீட்டினாள். வாசலில் தெரு வந்து நின்றது.

கம்பி அதிரும் வரைதான் வீடு கீழே இருக்கும். கிட்டாரை வைத்துவிட்டு ஊன்றுகோலை எடுப்பதற்குள் மாடி திரும்பிவிடும். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக ஆலையில் சொல்லியிருந்தார்கள். ஆகவே கணவன் பழக வேண்டியதாயிற்று. அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊரையே ஏத்தி எறக்குறீங்க, பொண்டாட்டிய எறக்க முடியலையா மாப்ளே?" என்றார் சலூன்காரர். வெள்ளிக்கிழமை அவன் கட்டைவிரலை விட்டுவிட்டு மீட்டினான், வீடு அசையவில்லை.

"'டி'ன்னுதானே பேரு? அடியில 'டி'தானே நிக்கணும்?" என்றான் அவளிடம்.

"பேரு மேல இருக்கறதுக்குங்க. அது எது மேல நிக்கணும்ங்கறதைத்தான் கோட்டுக்கு அப்புறம் எழுதியிருக்கு."

சனிக்கிழமை கட்டைவிரல் வந்தது. ஆனால் காதுக்கு உறுத்துகிறதென்று, உச்சிச் சுரம் தரும் மெல்லிய கம்பியை அழுத்தாமல் விட்டான். இனிமையாகத்தான் இருந்தது, வீடு முதல் மாடியோடு நின்றுவிட்டது. மெக்கானிக்குக்கு அவமானமாகிவிட்டது.

"அடியில எஃப் ஷார்ப், உச்சியில வெறும் எஃப். ரெண்டும் அடிச்சுக்குதேடி."

"நாம அடிச்சுக்கலையா? அதுக்காக ஒருத்தரை வெளிய தள்ளியாச்சா? அழுத்துங்க."

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அழுத்தினான். இரண்டும் அடித்துக்கொண்டன, வீடு இறங்கியது. அவள் பதினான்கு அடி நடந்து தெருவுக்குப் போகும்வரை விடாமல் மீட்டினான். மாலை ஐந்தரைக்கும் அப்படியே. கால் குணமாகி மூன்று வருடம் ஆகிறது. படி இறங்க இப்போது அவளால் முடியும், ஆனால் இறங்குவதில்லை. சலூன் வாசலில் பலகை தொங்குகிறது: காலை ஏழே முக்காலுக்கும் மாலை ஐந்தரைக்கும் கடை சிறிது நேரம் மூன்றாம் மாடியில் இயங்கும். காற்று வேண்டுகிறவர்கள் அந்த நேரம் பார்த்துச் சவரத்துக்கு வருகிறார்கள்.