மூக்கு குறைந்த தபால் விமானம்

ரொசாரியோ நகரத்தில் ஃபெர்மின் ஒக்காரன்சா பல் டாக்டர். வாரம் முழுக்க எதிரே இருப்பவர்கள் வாயைப் பிளந்து கிடப்பார்களே தவிர, அதிலிருந்து ஒரு பேச்சு வராது. அவரோடு மல்லுக்கட்ட ஆள் கிடைப்பது சனிக்கிழமை, சின்னச் சின்ன விமானம், வண்டி என்று மாடல் கட்டுவோர் சங்கத்தில்தான். அதற்கும் இப்போது ஆபத்து. மூன்று வருஷம் சேர்ந்தாற்போல ஒரு மாடலையும் முடித்துக் கண்காட்சியில் வைக்காதவர் இனி உறுப்பினர் இல்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் கை தூக்கினார்கள்.

சோம்பேறி என்று அவரைச் சொல்ல முடியாது. பெட்டியைப் பிரித்ததும் கட்ட ஆரம்பிக்காமல், அதிலுள்ள தப்புகளைத் தேட ஆரம்பிப்பார், அவ்வளவுதான். திருத்தித் திருத்தி, இறக்கையில்லாதவை ஒரு தட்டு, சக்கரமில்லாதவை ஒரு தட்டு என்று அவருடைய அலமாரி விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது.

இந்த வருஷம் எடுத்தது, நாட்டின் தெற்குக் கோடியிலுள்ள படகோனியாவுக்குத் தபால் சுமந்த பழைய விமானம். உள்ளங்கை அளவுதான். இணையத்தில் கிடைத்த வரைபடத்தைக் கடையில் அச்செடுத்து, மாடலின் உடலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மூக்கு மூன்று மில்லிமீட்டர் அதிகம். தயாரித்தவனை வாயாரத் திட்டியபடி அதைக் குறைத்தார்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து நண்பன் துலியோ வீட்டுக்கு வந்து, மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கறிக்கடைக்காரன். வாரம் ஒரு மாடல் முடிப்பான். அதன் ஜன்னல் கண்ணாடிகளில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும்.

"இறக்கையும் நீளம்டா," என்றார் ஃபெர்மின், வரைபடத்தில் வைத்து அளந்தபடி. "வாலும். சக்கரம்கூடப் பெரிசு."

"எல்லாத்தையும் ஒரே கணக்குல தப்புப் பண்ணிருக்கானா? பெரிய கெட்டிக்காரன்தான்."

துலியோ விளையாட்டாகத்தான் சொன்னான். ஃபெர்மினின் கை நின்றுவிட்டது. வரைபடத்தின் மூலையில், பத்து சென்டிமீட்டர் என்று குறித்த ஒரு கோடு இருந்தது. அதன்மேல் அளவுகோலை வைத்தார். ஒன்பது புள்ளி ஏழு. தாளுக்குள் அடக்குவதற்காகக் கடையின் அச்சு இயந்திரம் படத்தைச் சுருக்கியிருக்கிறது.

"மூக்கு சரியாத்தான் இருந்திருக்கு," என்றார். "நான்தான் வெட்டிட்டேன்."

துலியோ அடக்கிப் பார்த்தான். மாத்தே மூக்கு வழியாக வந்தது. "யோவ் டாக்டரே, இனிமே என் பல்லு பக்கமே வராதய்யா!"

"சிரிக்காதடா."

"சரி சரி. வெட்டின துண்டு எங்க? ஒட்டிடலாம்."

"ஒரே துண்டா வெட்டினேன்னு நெனச்சியா? உப்புத்தாள்ல தேச்சேன். எல்லாம் தூளாப் போச்சு."

"அப்போ குட்டை மூக்காவே கட்டு."

"அப்படி ஒரு விமானம் உலகத்துலயே கெடையாதுடா!"

"நல்லதாப் போச்சு. எவன் ஒப்பிட்டுப் பாக்கப் போறான்?"

ஃபெர்மினுக்கு அழுகை முட்டியது. ஆனால் இதை விட்டால் வேறொன்று தொடங்க நாளில்லை. மறுநாள் வேண்டாவெறுப்பாக இறக்கைகளை ஒட்டினார். இனி இதைக் கெடுக்க ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியதும், மனசு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. புகைக் கரியை இஷ்டத்துக்கு அப்பினார். சக்கரங்களுக்குப் படகோனியாச் சேறு பூசினார். வாலிலிருந்த எழுத்துகளை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்து, அச்சு அசலாக எழுதினார். யாருக்கும் பயந்து அல்ல. அந்த எழுத்துகளின் வளைவு அவருக்குப் பிடித்திருந்தது. வாயால் "டுர்ர்ர்" என்று சத்தமிட்டுச் சர்க்கரை டப்பாவைச் சுற்றிப் பறக்கவிட்டபோது, எட்டிப் பார்த்த மனைவி சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை கண்காட்சியில், சங்கச் செயலாளர் நெலிடா மாடலைக் குனிந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதா டாக்டர்?"

அப்போதுதான் இடது சக்கரம் ஒரு தலைமுடி அளவு சாய்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. கை தானாகப் பையிலிருந்த சிறு இடுக்கிக்குப் போனது. துலியோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களைத்தான் கேக்கறேன். முடிஞ்சுதா, இல்லையா?"

ஃபெர்மின் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

நெலிடா விமானத்தைத் துலியோவின் தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மத்தியானத்துக்குள் பாதிச் சங்கம் வந்து பார்த்துவிட்டது.

"என்ன டாக்டரே, மூக்கு ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா இருக்கே?" என்றார் ஒருவர்.

"மூணு," என்று அவரைத் திருத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஃபெர்மின். "எப்படிக் கொறஞ்சுதுன்னு கேளுங்க."