மூன்று முறை அழைத்தோம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை அடுத்தவர் துயரம் கண்டு பிறந்ததல்ல. என் சொந்த எரிச்சலில் பிறந்தது. வாங்கிப் பதினான்கே மாதமான என் வாசிப்புக் கருவி, ஒரு நாவலின் பாதியில் கண்ணை மூடிவிட்டது. பல கம்பெனிகளின் கருவிகளையும் பார்க்கும் ஒரு சேவை மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். இரண்டு மணி நேரம் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

(எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அவருடைய டோக்கன் எண்ணை நான்கு முறை கத்தியபோதுதான் தெரிந்தது. அவர் மௌனமாக இருக்கவில்லை. அவருடைய காதுக்கருவி செத்துக் கிடந்தது.)

2

அவரை அக்கா என்று வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை நுனி பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். விரல் நெருங்கினால் மணி அடிக்கும். மணி கேட்காதவர் அங்கே நிற்கக் கூடாது. மேற்பார்வையாளர் துண்டுக் காகிதத்தில் எழுதியே காட்டிவிட்டார்: "திங்கக்கிழமை காதுல மெஷின் இல்லேன்னா உள்ள விட மாட்டேன்க்கா. விரல் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

கருவிக்கு இரண்டு வருட வாரண்டி. எட்டு மாதம்கூட அது உழைக்கவில்லை.

அக்காவுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். கவுண்டர்க்காரர் வாயைப் பெரிதாக அசைத்தார்.

"உள்ள ஈரம் போயிருக்கு மேடம். ஈரம் பட்டா வாரண்டி கிடையாது."

"என்ன ஈரம்?"

"வேர்வை."

"காதுக்குப் பின்னாடி மாட்டுற சாமான் தம்பி. வேர்க்காம இருக்க, நான் என்ன ஃப்ரிட்ஜுக்குள்ளயா குடும்பம் நடத்துறேன்?"

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு அக்காவுக்குக் கேட்கவில்லை.

"சரி, தலைமை ஆபீசுக்குப் புகார் போட்டுட்டேன். அவங்களே கூப்பிடுவாங்க."

"எதுல?"

"போன்லதான் மேடம்."

* இந்த இடத்தில் "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று எழுதி, அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கேளாத காது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

3

கவுண்டர்க்காரரை வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். உப்பிய கன்னம், பல்லிடுக்கில் குச்சி, ஏளனப் பார்வை. பிறகு அவருடைய போனே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின.

வில்லன் இருக்கிறான். ஆனால் அவன் வரிசைக்கு முன்னால் வந்து உட்கார்வதே இல்லை. எட்டு மாதத்தில் சாகும்படி ஒரு பொருளைச் செய்துவிட்டு, வியர்வையைக் குற்றமாக்கி விதி எழுதியவன் எந்த அறையில் இருக்கிறான்? அந்த அறைக்குள் ஒரு வாக்கியத்தையாவது அனுப்பி அவன் சட்டையைப்...

4

மூன்று முறை அழைத்தார்கள்.

முதல் முறை, கையிலேயே வைத்திருந்த போன் அதிர்ந்ததும் அக்கா எடுத்தார். "எனக்குக் காது கேக்காதுங்க, எழுதி அனுப்புங்க!" என்று கத்தினார். அந்தப் பக்கம் இருந்தது பதிவுக்குரல். ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தாததால் துண்டித்தது. இரண்டாம் முறை எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா எண்களையும் அழுத்தினார். பதிவுக்குரல் மொழி மாறியது, அவ்வளவுதான்.

மூன்றாம் முறை தங்கை எடுத்தார். அதிசயமாக ஒரு மனிதக்குரல்.

"அக்காவுக்குக் கேக்காதுங்க. நான் தங்கச்சி பேசறேன்."

"மன்னிக்கணும் மேடம். பதிவு செஞ்ச வாடிக்கையாளர்கிட்ட மட்டும்தான் பேசுவோம்."

"அவளுக்குக் கேட்டா நான் ஏங்க உங்ககூட மல்லுக்கட்டறேன்?"

"அவங்ககிட்ட போனைக் குடுங்க மேடம்."

மாலையில் செய்தி வந்தது. எழுத்தில்! "மூன்று முறை அழைத்தோம். தாங்கள் பதிலளிக்கவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அக்கா பாய்ந்தது தங்கை மேல்தான். "உன்னை யாருடி உண்மை பேசச் சொன்னா? 'நான்தான்'னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

5

முடிவுகள்.

அ) அக்கா கருவியைக் கவுண்டர் கண்ணாடியில் வீசுகிறார். கண்ணாடி சிதறுகிறது. (உங்களுக்கும் எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். அவருக்குத் திங்கட்கிழமை வேலை இருக்காது.)

ஆ) அக்கா மெல்ல மெல்ல அந்த நிசப்தத்தை நேசிக்கத் தொடங்குகிறார். உருளையிலிருந்து எழும் ஆவி அவருக்கு ஒரு...

இதைத்தான் நான் முதலில் எழுதினேன். அழகாகவும் இருந்தது. நிசப்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் நிசப்தத்துக்கு உள்ளே தாழ்ப்பாள். அவருடையதற்கு வெளியே பூட்டு. அடுத்தவர் மேல் போட்ட பூட்டின் வேலைப்பாட்டை உட்கார்ந்து வர்ணித்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இ) இல்லை.

6

மூடிய புகாரைக் கவுண்டர்க்காரர் மறுபடி திறந்து கொடுத்தார். "இதான் கடைசி மேடம். சனிக்கிழமை பதினொண்ணுக்குக் கூப்பிடுவாங்க. விட்டா நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

இன்று சனிக்கிழமை. தங்கை வேலைக்குப் போய்விட்டார். அக்கா மேசைமேல் போனை வைத்துவிட்டு, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த அழைப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும். நீயே எடுக்கலாமே என்பீர்கள். அவரைத் துறவியாக்கப் பார்த்தவன் நான். என்னை அவர் நம்ப மாட்டார்.

போன் அதிர்கிறது. எடுங்கள். பதிவு செய்த வாடிக்கையாளரா என்று கேட்பார்கள். "ஆமாம், நான்தான்" என்று சொல்லுங்கள். பிறந்த தேதி கேட்பார்கள். அதை நான் யோசித்து வைக்கவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரியான தேதி. வியர்வை என்று ஆரம்பித்தால் விடாதீர்கள். குரல் நடுங்க வேண்டாம்.

அக்கா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.