எல்லாக் கல்லையும் புரட்டுங்கள்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தோஃபகாஸ்தா நகரத்துக்குத் தெற்கே, ஒரு சிறு குடாவில் இருக்கும் கடல் ஆய்வு நிலையத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கதை எழுதுவது என் வேலையில்லை. ஆனால் இங்கே வந்திருக்கும் மாணவர்கள் களவகுப்பு முடிந்ததும் எழுதும் அறிக்கையில் இந்த விஷயம் ஒரு வரிகூட வராது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: கடலிலிருந்து எழுந்த மூடுபனி மெல்ல மெல்லப் பாறைகளைத்

வேண்டாம். மூடுபனி இங்கே தினமும்தான் வருகிறது. நடந்ததில் அதற்குப் பங்கில்லை.

இரண்டாம் தொடக்கம்: யஸ்னா சோக்கே துணிச்சலான

பொய். படகைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் பெண் அவள். வகுப்பே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

சரி, நடந்ததையே எழுதுகிறேன். கடல் வற்றியிருந்த ஒரு காலையில், மாணவி யஸ்னா ஒரு பாறைக் குட்டையில் கிடந்த கல்லைச் சற்றே தூக்கினாள். அடியில் ஒரு பெண் ஆக்டோபஸ். கல்லின் உட்புறம் முழுக்க அரிசி அரிசியாக முட்டைச் சரங்கள். அது அவற்றின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே இருந்தது. ஆளைக் கண்டும் ஓடவில்லை.*

(*முட்டை காக்கும் நாட்களில் அது ஒன்றும் தின்னாது. குஞ்சுகள் வெளியேறியதும் செத்துப்போகும். அதற்கு முன்பே தாயை எடுத்துவிட்டால் முட்டைகள் அத்தனையும் வீண்.)

யஸ்னா கல்லை இருந்தபடியே வைத்தாள், பாசி மேலே, உயிர்கள் கீழே. தூக்கிய சுவடே தெரியக் கூடாது என்பது களவகுப்பின் முதல் விதி. அதைக் கற்றுக்கொடுத்தவர் வகுப்பை நடத்தும் டாக்டர் எச்செவெரி.

பிறகு, தேநீர் நேரத்தில், ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை பாவம்.

3

மறுநாள் அறுத்துப் பார்க்கும் பாடம். அதற்கு ஓர் ஆக்டோபஸ் வேண்டும். தடைக்காலம் என்பதால் மீனவர்களிடம் வாங்க முடியாது. நிலையத்துக்கு மட்டும் ஒன்று பிடிக்க அனுமதி உண்டு. கண்டவரே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். எச்செவெரி யஸ்னாவிடம் வாளியை நீட்டினார்.

"முட்டை இருக்கு, புரொஃபே."

"ஏன், அது உனக்குப் பெரியம்மா முறையா?" என்றான் நாச்சோ, வகுப்பின் வாயாடி.

எச்செவெரி சிரிக்கவில்லை. "எப்படியும் சாகப்போறதுதானே, யஸ்னா."

"நீங்களுந்தான் சாகப்போறீங்க. அதுக்காக உங்கள அறுத்துப் பாத்திரலாமா?"

(இதை நான் சேர்க்கவில்லை. சத்தியமாக அவள்தான் சொன்னாள்.)

4

இங்கே ஒரு தடுமாற்றம். எச்செவெரி ரொம்பக் கெட்டவராக வந்துகொண்டிருக்கிறார். நிஜத்தில் அவர் மாணவர்களுக்குச் சொந்தக் காசில் தின்ன எம்பனாடா வாங்கித் தருவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போவார். இதையெல்லாம் விரித்து எழுதினால் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

5

அடுத்த முறை கடல் வற்றியபோது எல்லோரும் கரையில் நின்றோம். யஸ்னா வாளியைத் தொடவில்லை. எச்செவெரி தானே தேடினார். எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே கிடந்தது. அவள் அவ்வளவு சரியாகத் திருப்பி வைத்திருந்தாள்.

அவர் முகம் சிவந்தது. ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்கொண்டு எல்லாக் கல்லையும் புரட்டச் சொன்னார். நேரமில்லை, திருப்பி வைக்க வேண்டாம் என்றார். யஸ்னா காட்டிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம், காட்டாவிட்டால் இந்த வகுப்பில் அவளுக்குத் தேர்ச்சி கிடையாது என்றும் சொன்னார்.

புரட்டிப் போட்டால் அடியில் ஒட்டியிருப்பதெல்லாம் வெயிலில் காய்ந்து சாகும் என்றேன்.

"நீ உன் தொட்டியப் பாரு," என்றார்.

மாணவர்கள் குனிந்து கற்களில் கை வைத்தார்கள். வைத்துக்கொண்டு யஸ்னாவைப் பார்த்தார்கள்.

6

முடிவு ஒன்று: அவள் காட்டிக்கொடுக்கிறாள். அவள் விரல் நீளும் வரை எழுதினேன், அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: பெரிய அலை ஒன்று வந்து எல்லோரையும் விரட்டுகிறது. எழுதியதை அடித்துவிட்டேன். மனிதர்கள் செய்ய வேண்டியதைக் கடலின் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம்.

முடிவு மூன்று: நாச்சோ முதலில்

வேண்டாம். எப்படி முடிந்தது என்று நான் எழுதப்போவதில்லை.

இதைச் சொல்லக் கேட்ட எல்லோரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள்: யஸ்னா என்ன செய்தாள்? காட்டினாளா, இல்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் ஏனய்யா செய்ய வேண்டும்? காட்டினால் அந்தத் தாய் போகும், காட்டாவிட்டால் கரையே போகும் என்று அவளைச் சிக்கவைத்தது யார்? எச்செவெரி ஒற்றை ஆள். அத்தனை கல்லையும் தனியாகப் புரட்ட அவரால் ஆகாது; கல்லில் கை வைத்தவர்கள் கையை எடுத்துவிட்டால் போதும்.

யஸ்னா சும்மா நிற்கிறாள். அவள் கையில் கல் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.