சப்பாத்துப் பை

"நீ இவர்களுடைய வேலைக்காரியா?"

எகிப்தில், அஸ்வான் நகரத்தில், நைல் ஆற்றின் மேற்குக் கரையில், நீலமும் மஞ்சளும் பூசிய ஒரு நூபியப் பூர்வகுடி வீட்டு வாசலில் வைத்து வீட்டுக்காரி ஹனான் யதுர்ஷாவைப் பார்த்து இப்படித்தான் கேட்டாள். உடைந்த ஆங்கிலம் என்றாலும் விளங்காமல் போகிற கேள்வி இல்லை அது. யதுர்ஷாவின் ஒரு தோளில் அக்காவின் சின்னப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் சப்பாத்துப் பை.

அந்தப் பை காலையிலிருந்து அவள் கையில்தான் இருந்தது. படகில் ஃபிலே தீவுக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது அந்தக் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி உயரமான தீவில் திரும்ப அடுக்கி வைத்தார்களாம். வந்தவர்கள் எல்லோரும் சப்பாத்தோடு உள்ளே போக, அக்கா தக்ஷாயினிக்கு மனம் கேட்கவில்லை. "கோயில் எண்டால் கோயில்தான்" என்று குடும்பம் முழுவதையும் கழற்ற வைத்தாள். காவலாளி சிரித்தான். கழற்றியதை வைக்க இடமில்லை.

"நீ பிடிச்சுக்கொண்டு நில்லடி. நாங்கள் கும்பிட்டிட்டு வாறம்."

கல் சுடச் சுட அவர்கள் துள்ளித் துள்ளி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். யதுர்ஷா வெளியில் நின்றே தூண்களைப் பார்த்தாள்.

ஹனான் கேட்டபோது யதுர்ஷா அக்காவைப் பார்த்தாள். 'என்ரை தங்கச்சி' என்று அக்கா சொன்னால் போதும். அக்கா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிரித்துக்கொண்டு, "யெஸ், யெஸ்" என்றாள்.

அக்கா குடும்பத்தை ஆற்றைப் பார்த்த விருந்தினர் மேசையில் இருத்திவிட்டு, ஹனான் யதுர்ஷாவைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே சீமெந்துத் தொட்டியில் ஒரு முதலைக்குட்டி வாயைப் பிளந்தபடி கிடந்தது. ஹனான் தன் வீட்டுக்கென்று காய்ச்சிய வெண்டிக்காய்க் குழம்பை வைத்தாள். "கோயிலைத் தூக்கி வைத்தார்கள். எங்கள் ஊர்களைத் தண்ணீருக்கு விட்டார்கள்," என்றாள். பிறகு மேசைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவள் உன்னை அடிப்பாளா?" என்று கேட்டாள். யதுர்ஷாவுக்கு வழக்கம்போலத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தத் தொண்டையால்தான். வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய அன்று ஒரு சொல்லும் வரவில்லை. பின்வரிசை வாங்கில் ஒருத்தன் மாடு மாதிரிக் கத்தினான். அடுத்த நாள் அவள் போகவில்லை, பிறகும் போகவில்லை. அம்மா செத்ததிலிருந்து ஒஸ்லோவின் புருசெத் பகுதி மாடிக்குடியிருப்பில் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, அக்காவின் அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியாக இருக்கும் கிரிஜா அஸ்வான் படங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. கிரிஜா சென்னைக்காரி. யதுர்ஷா வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருக்க, அக்கா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அவ கேட்டா, நீ அத்தான்ரை ஒண்டுவிட்ட சொந்தம். விளங்கிச்சோ?"

யதுர்ஷா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"என்ன முழிசுறாய்? என்ரை தங்கச்சி ட்ரொண்ட்ஹைமிலை எஞ்சினியரிங் படிக்கிறாள் எண்டு நான் எப்பவோ சொல்லிப்போட்டன். பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வீட்டிலை படுத்துக் கிடக்கிறாள் எண்டே சொல்லச் சொல்லுறாய்?"

"அக்கா…"

"என்ன அக்கா? உன்ரை வாயில்லாத்தனம் இண்டைக்கெண்டாலும் உதவட்டும்."

கிரிஜா பூட்ஸைக் கழற்றி, பனியைத் தட்டி, "என்ன குளிரு தக்ஷா!" என்றபடி வந்து அமர்ந்தாள். தொலைக்காட்சியில் படங்கள் ஒவ்வொன்றாக மாறின. பாய்மரப் படகு, மணல் மேடு, ஆற்றில் விழுகிற சூரியன்.

"இது நாங்கள் தோணியிலை போகேக்கை எடுத்தது."

"போகேக்கையா? உங்க தமிழ் கேட்டா எனக்கு மலையாளப் படம் பாக்குற மாதிரியே இருக்கு!"

"எங்களுக்கு உங்கடை தமிழிலை தமிழைத் தேடிப் பிடிக்கிறதுதான் கஷ்டம்," என்றாள் அக்கா. இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்தார்கள். கண்கள் சிரிக்கவில்லை.

அடுத்த படம் ஃபிலே கோயில் வாசல். ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பையை நெஞ்சோடு அணைத்தபடி யதுர்ஷா.

"அட, வடை குடுத்த பொண்ணு! இவளையும் கூட்டிட்டுப் போனீங்களா? உங்க ஓ-பேரா?"

பிள்ளை பார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டோடு தங்குகிற பெண்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தேநீர்த் தட்டோடு வந்த யதுர்ஷா நடுவில் நின்று அக்காவைப் பார்த்தாள்.

"அப்பிடித்தான் எண்டு வையுங்கோவன்," என்றாள் அக்கா. "அங்கையும் ஒருத்தி இதைத்தான் கேட்டவள். நானும் யெஸ் எண்டிட்டன். இவள் ஒண்டும் பறையாமல் போய்க் குசினிப் பக்கம் இருந்து திண்டிட்டு வந்தவள்!"

கிரிஜா வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "அப்போ ஈஸ்டருக்கு எங்களோட அனுப்புங்களேன். நாங்களும் அஸ்வான்தான் போறோம். பாப்பாவ யாராவது பாத்துக்கிட்டா நான் நிம்மதியா கோயில் பாப்பேன்."

"தாராளமாக் கொண்டு போங்கோ. சப்பாத்துப் பிடிக்கவும் பழக்கியிருக்கிறன்."

 யதுர்ஷா தட்டை மேசையில் வைத்தாள்.  குரல் வந்தது, அவளுக்கே பிடிக்காத ஒரு கரகரத்த குரல்.

"எனக்கும் இவவுக்கும் ஒரே அம்மா."

"என்னது?"

"நான்தான் தங்கச்சி. வேறை தங்கச்சி இல்லை. ட்ரொண்ட்ஹைமிலை ஒருத்தரும் படிக்கேல்லை."

கிரிஜா ஒருத்தியை விட்டு மற்றவளைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. "தக்ஷா, தங்கச்சிக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு போன மாசம்கூடச் சொன்னீங்களே?"

"வாய் வந்திட்டுதோ உனக்கு?" அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ரை சோத்தைத் திண்டுகொண்டு, என்ரை வீட்டிலை நிண்டு, என்னையே…"

"திண்டனான்தான். தங்கச்சி எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ அக்கா. அவவுக்கு முன்னாலை சொல்லுங்கோ."

தொலைக்காட்சியில் படம் தானாக மாறியது. முதலைக்குட்டி வாயைப் பிளந்தபடி வந்தது. அறையிலிருந்து ஓடிவந்த சின்னது யதுர்ஷாவின் காலைக் கட்டிக்கொண்டு, "தூக்கு சித்தி, தூக்கு" என்று சிணுங்கியது.

கிரிஜா தொண்டையைச் செருமினாள். "அப்போ… ஈஸ்டருக்கு?"

அக்கா எழுந்தாள். காரின் திறப்பைச் சாவிக் கொளுக்கியிலிருந்து எடுத்தாள். வாசலில் கிடந்த சப்பாத்துகளில் முதலில் அகப்பட்டதுக்குள் காலைச் செருகினாள். அது யதுர்ஷாவின் பழைய சப்பாத்து. குதி நசுங்க நசுங்க அதை இழுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.