கள்ளிப்பெட்டிப் பலகை

ஏற்காட்டில் மரத்தைப் பற்றி யார் பேசினாலும் கடைசி வார்த்தை பெரியண்ணன் ஆசாரியுடையதாக இருக்க வேண்டும். எஸ்டேட் பங்களாக்களின் கதவுகளில் பாதி அவர் கைபட்டவை. அப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் மரியபுஷ்பம் தன் உடைந்த வயலினை ஒண்டிக்கடை முக்கில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் முகமது இஸ்மாயிலிடம் கொடுத்துவிட்டார். பெரியண்ணனுக்கு வயிறு எரிந்தது.

விட்டுவிட்டு என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. டீச்சர் முதலில் இவரிடம்தான் வந்தார். பஸ்ஸில் எவரோ மூட்டையைத் தூக்கிப் போட்டதில் வயலினின் முகப்பலகை நொறுங்கியிருந்தது. இவர் உடனே கனமான ஈட்டிமரப் பலகை ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

“முகத்துக்கு லேசான மரம்தாங்க வேணும்,” என்றார் டீச்சர். “முதுகு மேப்பிளு. விரல் ஓடற பலகையும் தந்தி முறுக்கற பிருடையும் கருங்காலி. அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. முகம் கனத்துப்போனா சத்தம் எழும்பாதுங்க.”

“முதுகுக்கு ஒசந்த மரம், மூஞ்சிக்கு ஒதவாத மரமா? இது எந்த ஊரு நாயமுங்க?” என்று பெரியண்ணன் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முதல் இஸ்மாயில் கடைமுன் எந்நேரமும் நாலு பேர். டீச்சர் பிடில் எந்த மட்டில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் ஒருவரும் கடைத்தெருவைத் தாண்டுவதில்லை. இத்தனை கதவு செய்தோமே, ஒருத்தனாவது நின்று பார்த்தானா என்று பெரியண்ணன் உள்ளுக்குள் பொருமினார்.

அந்த நேரம் பார்த்து இஸ்மாயிலே வீடு தேடி வந்தான்.

“ஏனுங்கண்ணா, லேசா, ரேகை நேரா ஓடற பழைய பலகை இருந்தாக் குடுங்க. இந்த மலையில உங்களை உட்டா எனக்கு ஆருங்க?”

பெரியண்ணனுக்குச் சட்டென்று ஒரு யோசனை. வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விற்றுக் கப்பலேறும் முன், சீமையிலிருந்து காப்பிப்பழம் உரிக்கும் மெஷின் ஒன்று வந்திருந்தது. அதை அடைத்து வந்த கள்ளிப்பெட்டியைப் பிரித்ததில் மிஞ்சிய இரண்டு பலகைகள் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்தன. மனைவி வள்ளி அவற்றின் மேல்தான் பூசணிக்காய் அடுக்குவாள். இவர் ஒன்றை இறக்கிப் புகைக்கரியைத் துடைத்து, முகம் மாறாமல் நீட்டினார்.

“சீமை மரம். உனக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன்.”

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் டீச்சர் வாசிக்கும்போது அந்தப் பெட்டிப் பலகையில் சத்தம் எழும்பாமல், ஊரே பார்க்க அவன் மானம் போக வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். விழாவன்று வெள்ளைச்சட்டை போட்டு, வள்ளியையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார்.

டீச்சர் வில்லை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். பெரியண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அந்த நாதம் கடைசி பெஞ்சு வரை போய் நின்றது. பக்கத்தில் வள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் இஸ்மாயிலை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வந்தவன் மாலையை வாங்கிக்கொண்டு சும்மா இறங்கினானா?

“செஞ்சதுதான் நானுங்க. மரம் பெரியண்ணன் அண்ணன் குடுத்தது. சீமையில பிடில் முகத்துக்குப் போடற அதே சாதி மரமுங்க. தனக்குன்னு வெச்சுக்காம எனக்குக் குடுத்துட்டாருங்க.”

கூட்டம் கை தட்டியது. பெரியண்ணன் எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நல்லவன் என்ற பேரையும் அவன் கையாலேயே வாங்க வேண்டியதாகிவிட்டதே!

வெளியே வரும்போது இஸ்மாயில் பின்னாலேயே ஓடி வந்தான்.

“அண்ணா, இன்னொரு பலகை இருந்தாச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்து புதுசா ஒண்ணு செய்யலாமுங்க. உங்க பேரையே போட்டுக்கலாம்.”

“இல்லப்பா. அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

வள்ளி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பரணிலிருந்த பூசணிக்காய்களை இறக்கி வைத்தார். மற்றப் பலகையைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கல்லின் மேல் சாய்த்துக் கோடாலியை ஓங்கினார். முதல் வெட்டு விளிம்பில் பட்டது. ணங்கென்று ஒரு ஓசை எழுந்து, உடனே அடங்காமல் நின்றது. ஆயுசெல்லாம் மரத்தைத் தொட்டவர், இந்தப் பலகையை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏனுங்க, அது என்ன சத்தம்?” என்று வள்ளி உள்ளேயிருந்து கேட்டாள். “நொம்ப நல்லா இருக்குதே!”

“வெறகு,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் ஓங்கினார்.