தம்பி சொல்லும் வீடு

அன்று சாப்பாட்டறை மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர். சன்னல் பக்கம் நான். எனக்கு எதிரே தங்கை. அவளுக்குப் பக்கத்தில், கதவை ஒட்டித் தம்பி. மேசையின் தலைப்பக்கம் கைவைத்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரப் போன காப்பாட்சியரிடம் மூன்று பேரும் ஒரே குரலில் "அங்க வேணாம்" என்றோம். பாவம், அருங்காட்சியகமே அந்தப் பெண்ணின் பொறுப்பில்தான் இருக்கிறது, நாற்காலியும் அரசாங்கத்துடையது. அவர் சிரித்துவிட்டு, டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. வீடும் எங்களுடையது இல்லை. இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் எங்கள் கால்கள் அவரவர் இடத்துக்குப் போய்விட்டன.

கூடியது தம்பிக்காக. எங்கள் மாளிகையை அரசாங்கம் வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியபோது, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் அவன் எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்ததில்லை. இதில் மட்டும் ஒட்டிக்கொண்டான். மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு, பிறந்த வீட்டுக்கே தினமும் வேலைக்குப் போகிறவன் அவன். இப்போது யாரோ ஒரு பேராசிரியர், வழிகாட்டி கட்டுக்கதை சொல்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

"நாலு விஷயம் குறிப்பிட்டிருக்காரும்மா," என்றார் காப்பாட்சியர். "வீட்டுக்கு மூத்தவங்க நீங்கதான். எது நடந்தது, எது நடக்கலைன்னு நீங்க எழுதிக் கொடுங்க. அத வெச்சுத்தான் இவர வேலையில வெச்சுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க."

முதலாவது, மாடியில் கிழக்கு அறையில் ஓர் இளவரசர் தங்கிப் போனாராம்.

"எந்த இளவரசர்டா?"

"பேரு சொல்றதில்லக்கா. அதான் நம்பறாங்க."

"அங்க நாம துணி காயப்போடுவோம்," என்றாள் தங்கை. "பாவம் மனுஷன், ஈரத் துண்டுக்கு நடுவுலதான் படுத்திருப்பாரு."

காப்பாட்சியர் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது, கிணற்றடியிலிருந்து ஊருக்கு வெளியே போகும் சுரங்கம். அது மோட்டார் வைக்கத் தோண்டிய குழி. மூன்றாவது, அம்மா தினமும் கூடத்துப் பியானோவை வாசிப்பாராம். ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று அப்பா தூக்கிக்கொண்டு வந்த பியானோ அது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அம்மா அதன் மேல் மருந்து பாட்டில்களை அடுக்கி வைத்திருந்தாள்.

"வாசிச்சாங்கன்னா ஜனங்க கொஞ்சம் நிப்பாங்க," என்றான் தம்பி. "மருந்து பாட்டில்னா அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்கக்கா."

நாலாவது, படிக்கட்டு. சாயங்காலம் அப்பா மேல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மரக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே கீழே வருவாராம். கீழே நிற்கும் பிள்ளையின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல நடந்து போவாராம்.

இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படியில் நாங்கள் கால் வைக்கவே கூடாது. பிள்ளைகளுக்குப் பின்பக்கத்து இரும்புப் படிதான். அப்பாவின் இருமல் கேட்டால் பாடம் படிக்கும் குரல்கூட இறங்கிவிடும்.

"அப்பாவா? அதுக்கு அந்த இளவரசரையே நம்பிடலாம்டா," என்றேன்.

தம்பியின் முகம் தொங்கிப்போனது. மற்ற மூன்றையும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தவன் அவன்.

"மத்தத அடிச்சிடுக்கா. இது நடந்தது."

"எப்போ?"

"நீ கல்யாணமாகிப் போனதுக்கப்புறம்."

நான் போகும்போது அவன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. எனக்குத்தான் மொதல்ல சொல்லிக் கொடுத்தாரு. ஒரு தடவ விழுந்து முட்டி சிராய்ச்சுது. அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னாரு."

"மாசம் தவறாம உனக்கு லெட்டர் போட்டேனே. ஒரு வரி எழுதினியா?"

"எப்படி எழுதறது? ஒவ்வொரு லெட்டர்லயும், அப்பா தம்பிய அடிக்கறாரா, நீ பயப்படாம இருக்கியான்னு கேட்டிருப்ப. அவரு கைப்பிடியில சறுக்கி வெளையாடறாருன்னு எழுதினா உனக்கு எப்படி இருந்திருக்கும்?"

நான் எழுந்து கூடத்துக்குப் போனேன். படிக்கட்டின் குறுக்கே கயிறு கட்டி, தொடவேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். பக்கத்துப் பலகையில் வீட்டைக் கட்டியவர் பெயரும், தரைக்குப் போட்ட கல்லின் விவரமும் இருந்தன. எல்லாம் சரிதான். அந்தத் தரையில் சத்தம் வராமல் நடக்கப் பழகியவள் நான். அதே தரையில் நின்று அண்ணாந்து பார்த்து, அப்பா வருகிறார் என்று கைகொட்டியவன் அவன். பெண்ணை அனுப்பிய பிறகு அப்பாவுக்கு மனசில் ஏதாவது இளகியதா, வயசானதா, யாருக்குத் தெரியும்? பேரன் பேத்தி எடுத்த எனக்கு, படியின் கீழே நின்ற அந்தச் சின்னப் பிள்ளை மேல் பொறாமையாக இருந்தது. நடக்கவே இல்லை என்று எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நான் பார்க்காதது இந்த வீட்டில் நடந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்.

திரும்பி வந்து தாள் கேட்டு வாங்கினேன். காப்பாட்சியர் சொன்ன வரிசையிலேயே எண் போட்டு எழுதினேன். முதல் மூன்றும் நடக்கவில்லை. இனி அவற்றைச் சொல்வதில்லை என்று தம்பி கீழே கையெழுத்திடுகிறான். நான்காவதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், அவர்களை நம்புகிறேன். என் காலத்தில் பிள்ளைகள் அந்தப் படியில் ஏறியதில்லை என்பதும் உண்மை. அதையும் சேர்த்து அவன் சொல்லட்டும். அவனை அனுப்பிவிட்டால் இதைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

தம்பி வாங்கிப் படித்தான்.

"மூணும் பொய்னு பட்டுன்னு எழுதிட்டியேக்கா. சீட்டக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கலாம். நாலும் நிஜம்னு எழுதினா நாலாவதையும் எவனும் நம்பமாட்டான்டா."

அவன் விரல் தாளில் மூன்றாவது எண்ணுக்குப் போனது.

"பியானோவையாவது விட்டு வெச்சிருக்கலாம்ல?"

"மருந்து பாட்டில சொல்லிப் பாரு. உன் வாய்க்கு அதுக்கும் நிப்பாங்க."

காப்பாட்சியர் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையெழுத்துப் போட்டான். தங்கையும், பார்த்தவள் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

நான் தாளை மடித்து, காப்பாட்சியர் கொடுத்த மேலிடத்து விலாசமிட்ட உறையில் போட்டுப் பசை தடவினேன். தெருமுனைத் தபால் நிலையத்துக்கு மூன்று பேருமாக நடந்தோம். "குடுக்கா, நான் போடறேன்," என்று தம்பி கை நீட்டினான். "நீ பியானோவுக்காகத் திறந்தாலும் திறப்ப," என்று தங்கை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பதிவுத் தபால் என்றேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தை எடை போட்டு, முத்திரை குத்தி, பின்னாலிருந்த பைக்குள் போட்டார்.