காதைத் தவிர எல்லாம் குணமானது

லிஃப்ட் மெக்கானிக் தன் இடது காது இரைச்சலுக்குச் செய்துகொண்ட சிகிச்சைகள் எல்லாமே பலித்தன. காதில் மட்டும் பலிக்கவில்லை. முதலில் ஒரு சொட்டு மருந்து. பத்து நாள் விட்டார், குளியலறைக் கதவின் கிறீச் சத்தம் அடியோடு நின்றுபோனது. அடுத்து ஆறு மாதம் மாத்திரை. மேல்மாடிக்காரரின் நாய் குரைப்பதை விட்டுவிட்டு, யார் வந்தாலும் யோசனையோடு பார்க்க ஆரம்பித்தது. பிறகு, தூங்கும்போது அலையோசை போடுகிற செல்போன் ஆப். ஒன்பதாம் நாள் தலையணை உறை உப்புக் கரித்தது, போர்வைக்குள் நகம் அளவுக்கு ஒரு நண்டு இருந்தது. கடல் அங்கிருந்து ஒரு முழுநாள் பயணம். மனைவி நண்டைப் பிடித்து வாளியில் போட்டு, "மருந்தெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது. உங்ககிட்டதான் செய்யல" என்றார். அந்தப் பக்கம் போகிற ஒரு லாரிக்காரரிடம் வாளியைக் கொடுத்தனுப்பினார்கள்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இருபது வருடமாக மருந்து விற்றதில், காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். மெக்கானிக் நேர் எதிர். காது இரைச்சலுக்குப் புது வழி என்று எந்தப் பத்திரிகையில் வந்தாலும் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். மனைவி சிவப்புப் பேனாவோடு வந்து "எலிகளிடம்" என்ற வார்த்தையைத் தேடி அடிக்கோடு போடுவார். "எலிக்குச் சரியாப் போச்சாம். ரொம்ப சந்தோஷம்" என்பார். இப்படி ஆறு வருடம் ஓடியது. ஃபிரிட்ஜ் கதவின் நிறம் என்ன என்பது இருவருக்கும் மறந்துபோனது.

மெக்கானிக்கை கம்பெனியில் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வலது காதை வைத்துப் பார்க்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். அவர் வலது காதை வைத்தாலும் இடது காது சும்மா இருக்காது. அந்த இரைச்சலோ, தேய்ந்த பேரிங்கின் அதே சுருதி. விளைவு, ஒரே வருடத்தில் பதினொரு நல்ல பேரிங்குகளைக் கழற்றிப் போட்டார். சூப்பர்வைசர் நல்ல மனிதர், அதனால் மூன்று மாதம் கெடு கொடுத்தார். பத்து மோட்டார்களை ஓடவிடுவோம், கோளாறானதைச் சரியாகச் சொன்னால் பழைய வேலை, தப்பினால் உதிரிபாக கவுன்டர். மோட்டார் அறைக்குப் போகாத வாழ்க்கையை மெக்கானிக்கால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புது மெஷின் வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. காதில் இயர்போன் வழியாகச் சின்னச் சின்ன ஒலிகள், நாக்கில் வைத்துக்கொள்ளும் ஒரு தகட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி மின்சாரம். தினம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம். காது டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். "சிலருக்குத் தொந்தரவு குறைஞ்சிருக்கு. சத்தமே போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். அதோட வாழப் பழகுறதுக்கும் பயிற்சி இருக்கு, அதையும் சேர்த்துச் செய்யுங்க" என்றார். மெக்கானிக்கின் மனதில் முதல் வாக்கியம் நின்றது. மனைவிக்கு இரண்டாவது. வீடு திரும்பும் வரை இருவரும் ஆளுக்கொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்போலப் பேசிக்கொண்டார்கள்.

ஏழு வாரம் ஆயிற்று. எதிர்வீட்டுத் தையல் மெஷின் சத்தமே இல்லாமல் ஓட ஆரம்பித்தது. தையல்காரர் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். காதில் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது வாரம், கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மெஷினில் முதலில் ஒலி வருகிறதா, இல்லை வெறும் பெட்டியா? எந்த மருந்தையும் பிரித்துப் பார்த்தே பழகிய கை அது. கணவரின் இடது காதிலிருந்த இயர்போனை உருவித் தன் காதில் செருகிக்கொண்டார்.

"ஏங்க, ஃபிரிட்ஜ் ஏன் இப்படி இரையுது?"

"ஃபிரிட்ஜ் ஓடல. கரன்ட் போயிருக்கு. மெஷின் பேட்டரில ஓடுது."

"அப்ப இது என்ன?"

மெக்கானிக் இடது காதைத் தடவிப் பார்த்தார், இரைச்சலைக் காணோம். அவருக்குச் சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. வெளியே யாரோ துணி உதறுவது கேட்டது. பயமாகக்கூட இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத வச்சுக்கிட்டா ஆறு வருஷமா நான் சொன்ன கதையெல்லாம் கேட்டீங்க?" என்றார்.

"பாதி கேட்டேன்" என்றார் மெக்கானிக்.

இரைச்சலை உடனே திருப்பித் தரச் சொன்னார் மெக்கானிக். இயர்போனை மாற்றிச் செருகினால் போதும் என்று இருவருக்கும் எப்படியோ புரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மோட்டார் பரீட்சை முடியும் வரை தரமுடியாது என்று மனைவி சொல்லிவிட்டார். டாக்டருக்குப் போன் செய்தார்கள். அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்து, பக்கவிளைவுப் பட்டியலில் அது இல்லை என்றும், தூக்கம் கெட்டால் வரவேண்டும் என்றும் சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை மனைவி இரைச்சலோடு கடைக்குப் போனார், மெக்கானிக் அது இல்லாமல் பரீட்சைக்குப் போனார். பத்து மோட்டார்களில் நான்காவதும் ஏழாவதும் கோளாறு என்று சொன்னார். சரி. கூடவே சூப்பர்வைசரின் டேபிள் ஃபேனிலும் பேரிங் போய்விட்டது என்றார். அதுவும் சரி. சூப்பர்வைசர் ஃபேனை அப்போதே கழற்றினார்.

மெக்கானிக் வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் இயர்போனை எடுத்து நீட்டினார். "போதும்மா, குடு."

"இருக்கட்டும்ங்க. எனக்கு மூணு நாள்தான் ஆகுது."

"உனக்குப் பழக்கமில்ல."

"பழகிக்கிறேன். டாக்டரே அதத்தானே சொன்னாங்க."

அன்று அந்த வீட்டில் நடந்த சண்டை நான்கு வீட்டுக்குக் கேட்டது. கடைசியில் ஏற்பாடு இப்படி முடிந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மனைவியிடம், மருந்துக்கடைச் சந்தடியில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவில் மெக்கானிக்கிடம், அதோடு தூங்கி அவருக்குப் பழக்கம். மனைவி இப்போதும் சிவப்புப் பேனாவால் எலிகளுக்குக் கோடு போடுகிறார், ஆனால் கடைசிப் பத்தி வரை படிக்கிறார். அந்த மெஷின் வேலை செய்யுமா என்று காதைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம், "சிலருக்குக் குறையுதுன்னு டாக்டர் சொல்றாங்க. எங்க வீட்ல குறையல, ரெண்டு பேருமாப் பாத்துக்கிறோம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முறை வைத்திருக்கிறார்கள், மதியம் வரை ஒருவர், அதற்குப் பிறகு மற்றவர்.